அற்புதத்திற்குப் பின் வரும் நாட்கள்



நுரையீரல் பழுதடைந்து, ஆக்சிஜன் சிலிண்டரோடு நாட்களைக் கழித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மாற்று நுரையீரல் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தால் நம் சபைகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவென்றும் பாராமல் தொலைபேசிகள் ஒலிக்கும். சங்கிலி ஜெபம் ஏற்பாடாகும். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டதும் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை படைக்கப்படும். அடுத்த வாரமும் அவருடைய பெயர் ஜெபக்குறிப்பில் இருக்கும். அதற்கடுத்த வாரம் அந்த இடத்திற்கு வேறொருவருடைய பெயர் வந்துவிடும்.

அந்த மனிதருக்கோ மிகக் கடினமான வேலை அப்பொழுதுதான் தொடங்கியிருக்கும். வீட்டுக்கு வந்தபின்னும், காலையில் எழுந்து குளியலறைவரை நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சற்று இளைப்பாறுவார். பார்க்க வருகிறவர்கள், "புது நுரையீரல் வைத்தாயிற்றே அண்ணே, இன்னும் ஏன் இரைக்கிறது?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவரோ, குறை தன்னிடத்தில்தான் இருக்கிறதோ, தன் விசுவாசம் போதவில்லையோ என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறார்.

இந்தியாவில் இத்தகைய அறுவைகள் மிகுதியாக நடைபெறும் நகரங்களுள் சென்னையும் ஒன்று. ஆகவே இது எங்கோ தூரதேசத்துக் காரியம் அல்ல; நம் தெருவிலேயே ஒரு குடும்பம் இந்தப் பாதையில் நடந்துகொண்டிருக்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை நடந்த நாளுக்காக நாம் எவ்வளவு ஊக்கமாய் ஜெபிக்கிறோமோ, அதே ஊக்கத்தோடு அதற்குப் பின் வரும் பயிற்சியின் மாதங்களையும் தாங்க வேண்டும். அந்தப் பயிற்சியை அற்பமாக எண்ணுவதும், அதை அவிசுவாசத்தின் அடையாளமாகப் பார்ப்பதும் தவறு. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, மூச்சு எப்படி நடைபெறுகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நுரையீரல் தானாக மூச்சு விடுவதில்லை

கொல்லன் உலையில் துருத்தியைக் கண்டிருக்கிறீர்கள். அந்தத் தோற்பை தானாகக் காற்றை இழுத்துக்கொள்வதில்லை. அதை விரித்துச் சுருக்க ஒரு கை வேண்டும். நம் நுரையீரலும் அப்படிப்பட்டதே. காற்றை உள்ளே இழுக்கும் தசை நுரையீரலுக்குள் இல்லை. அந்த வேலையைச் செய்வது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் அமைந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசையாகும். அது சுருங்கிக் கீழே இறங்கும்போது மார்பறை விரிகிறது. நுரையீரலும் உடன் விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. அது தளரும்போது காற்று தானாக வெளியேறுகிறது. விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகள் அதற்குத் துணைநிற்கின்றன. அதிகமாக மூச்சு தேவைப்படும்போது கழுத்துத் தசைகளும் கைகொடுக்கின்றன.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20,000 முறை. நாம் உறங்கும்போதும் உதரவிதானம் உறங்குவதில்லை. ஆதியிலே மனுஷனுடைய நாசியில் சுவாசத்தை ஊதின தேவன், அந்தச் சுவாசத்தைச் சுமக்க இப்படியொரு வேலைக்காரனையும் உள்ளே வைத்தார். அவன் சத்தமிடாமல் வேலை செய்வதால், அவன் களைத்துப்போகும்வரை நாம் அவனை நினைப்பதேயில்லை.

மாற்று அறுவையில் மருத்துவர்கள் நோயுற்ற நுரையீரலை எடுத்துவிட்டுக் கொடையாளியின் நுரையீரலைப் பொருத்துகிறார்கள். மூச்சுக்குழாயின் கிளையை இணைக்கிறார்கள். நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியை இணைக்கிறார்கள். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளை இணைக்கிறார்கள். ஆனால் உதரவிதானத்தை மாற்றுவதில்லை, மாற்றவும் முடியாது. துருத்தியின் தோல் புதிதாயிற்று. அதை இயக்கும் கையோ பழைய கைதான். நெடுநாள் நோயில் களைத்துப்போன கை.

தசைகள் ஏன் தளர்ந்துபோகின்றன?

முதலாவது, நோய் நீடித்த ஆண்டுகள். சில நோய்களில் நுரையீரல் காற்றால் உப்பி, உதரவிதானத்தைத் தட்டையாக அமுக்கிவிடுகிறது. கிண்ணம் தட்டாகிவிட்டால் அதற்கு இறங்க இடமேது? வேறு சில நோய்களில் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிறது. எதுவானாலும், மூச்சுத்திணறலுக்குப் பயந்து நடப்பதைக் குறைத்தவருடைய கால் தசைகளும் மெலிந்துபோகின்றன.

இரண்டாவது, அறுவை. இரண்டு நுரையீரல்களையும் மாற்றும்போது பெரும்பாலும் மார்பின் குறுக்காக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை திறக்க நேரிடுகிறது. அந்த வலியில் ஆழ்ந்து மூச்சு இழுக்க யாருக்கு மனம் வரும்? உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி, இதயத்தை ஒட்டி வருகிறது. சிலருக்கு அறுவையின்போது அந்த நரம்பும் பாதிக்கப்படுகிறது.

மூன்றாவது, வென்டிலேட்டர் என்று நாம் சொல்லும் செயற்கைச் சுவாசக் கருவி. அது உயிர்காக்கும் கருவி. அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் கருவி முழுவதுமாக மூச்சை ஏற்றுக்கொள்ளும்போது உதரவிதானம் சும்மா கிடக்கிறது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம் அந்தக் கருவியில் இருந்த 14 பேருடைய உதரவிதானத் தசை நார்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். சில மணி நேரம் மட்டுமே கருவியில் இருந்தவர்களின் நார்களோடு ஒப்பிட்டபோது, இவர்களுடைய நார்களின் பருமன் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. மூன்று நாட்களுக்குள் இத்தனை தேய்வு!

அந்த 14 பேரும் யார் தெரியுமா? உறுப்பு தானம் செய்தவர்கள். மரித்துப்போனவர்களின் குடும்பத்தார் சம்மதித்தபடியால் பிறருக்கு உறுப்புகள் கிடைத்தன. கூடவே, மூச்சுத் தசை இவ்வளவு விரைவில் தேய்கிறது என்ற அறிவும் கிடைத்தது. இந்தச் செய்தியைத் தியானிக்கும்போது என் உள்ளம் நன்றியால் நிறைகிறது. தங்கள் கண்ணீரின் நாளில் அந்தக் குடும்பங்கள் கொடுத்தது, அவர்கள் ஒருபோதும் கண்டிராத எத்தனையோ நோயாளிகளுக்கு இன்றும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

நான்காவது, மருந்துகள். புதிய நுரையீரலை உடல் எதிர்த்துத் தள்ளாதிருக்க ஸ்டீராய்டும், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளும் தேவை. அவற்றை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. ஆனால் ஸ்டீராய்டு தசைகளை மெலியச் செய்யக்கூடியது என்பதும் உண்மை.

இன்னுமொரு காரியம் உண்டு. பொருத்தப்பட்ட நுரையீரலின் நரம்புகள் இணைக்கப்படுவதில்லை. ஆகவே தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும், இருமவேண்டும் என்ற உணர்வு முன்போல் எழுவதில்லை. நமக்குத் தானாக வரும் இருமலை அவர் நினைத்து, முயன்று, வரவழைக்க வேண்டும். அதற்கும் ஆழ்ந்து மூச்சு இழுக்கும் வலிமை வேண்டும். அந்த வலிமை இல்லாவிட்டால் சளி தேங்கும். சளி தேங்கினால் தொற்று வரும். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ளுகிறவருக்குத் தொற்று என்பது சிறிய காரியமல்ல.

பயிற்சி என்பது என்ன?

மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள், மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை அறிவீர்கள். பலர் அதை ஊதுவதற்கென்று நினைத்துக்கொண்டு ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கல்ல; மெதுவாக உள்ளிழுப்பதற்கே. சுருங்கிக் கிடக்கும் நுரையீரல் அறைகளைத் திறக்க ஆழ்ந்து மூச்சு இழுக்கும் பழக்கத்தை அது உண்டாக்குகிறது.

நான் இங்கே சொல்லும் மூச்சுத் தசைப் பயிற்சி அதனின்றும் வேறானது. இதற்கென்று ஒரு சிறிய கருவி உண்டு. அதற்குள் சுருள்வில் பொருத்திய ஒரு வால்வு இருக்கிறது. குறிப்பிட்ட அளவு விசையோடு இழுத்தால்தான் வால்வு திறந்து காற்றை உள்ளே விடும். வெளிவிடும் மூச்சுக்குத் தடை இல்லை. கைக்கு வலிமை சேர்க்க எடை தூக்குவதுபோல, உதரவிதானத்திற்கு இது ஓர் எடை.

எவ்வளவு எடை என்பதை ஊகத்தால் தீர்மானிப்பதில்லை. நோயாளி தன் முழு பலத்தோடு உள்ளிழுக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், முதலில் அளக்கிறார். அதை நீரின் உயரத்தால், சென்டிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள். ஒருவருடைய அளவு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதில் 30 விழுக்காட்டளவில் பயிற்சியைத் தொடங்குவார்கள். 60இல் 30 விழுக்காடு என்பது 18. உறிஞ்சுகுழல் ஒன்றில் தண்ணீரை 18 சென்டிமீட்டர் உயரத்திற்கு இழுத்து நிறுத்தும் விசை அது. நமக்கு விளையாட்டு, அவருக்கு மலை. ஒரு தடவைக்கு 30 மூச்சு, நாளொன்றுக்கு இரு தடவை என்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. சில நாட்களுக்கொருமுறை மீண்டும் அளந்து, தாங்குமளவுக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இது தொடரும்.

இதனால் பயனுண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நுரையீரல் மாற்றுப் பெற்றவர்களிடம் மூச்சுத் தசைப் பயிற்சியை மட்டும் தனியே எடுத்து நடத்திய ஆய்வுகள் சிறியவை. அதைத் தனியொரு மருந்துபோல் உயர்த்திப் பேசுவது சரியல்ல. ஆனால் அருகிலுள்ள சான்றுகள் நம்பிக்கை தருகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நெடுநாள் வென்டிலேட்டரிலிருந்து விடுபட முடியாதிருந்த 69 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. அவர்கள் பல்வேறு நோய்களால் அந்நிலைக்கு வந்தவர்கள். மூச்சுத் தசைப் பயிற்சி பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் கருவியை விட்டு மீண்டனர். பெயரளவுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரே மீண்டனர். பெல்ஜியத்தின் லூவன் நகரில், நுரையீரல் மாற்றுக்குப்பின் வீடு திரும்பிய 40 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. மூன்று மாதம் மேற்பார்வையோடு உடற்பயிற்சி செய்தவர்கள், ஓராண்டுக்குப்பின் மற்றவர்களைவிட அதிக நேரம் நடமாடினார்கள். அவர்களுடைய இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தது. ஆகவே நடை, கால் தசைப் பயிற்சி, சளியை அகற்றும் பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்து, மருத்துவர் தேவையென்று கண்டவருக்கு மூச்சுத் தசைப் பயிற்சியும் கொடுக்கப்படுகிறது. ஒன்றையொன்று தாங்கும் கற்களாக அவற்றை எண்ணுங்கள்.

இங்கே ஓர் ஐயத்தையும் தீர்த்துவிட வேண்டும். மூச்சுப் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும், அது வேறொரு சமய வழிபாட்டைச் சேர்ந்ததோ, விசுவாசி அதைச் செய்யலாமோ என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. அன்பானவர்களே, கால் முறிந்தவர் மாவுக்கட்டு பிரித்தபின் காலை மடக்கி நீட்டிப் பழகுகிறார். அதற்கு யாரும் சமயம் கற்பிப்பதில்லை. இதுவும் அதுபோன்ற ஒரு தசைப் பயிற்சியே. இதைப் பற்றி ஒரு நோயாளியின் மனச்சாட்சியில் வீணான பாரத்தை யாரும் ஏற்றிவைக்கக்கூடாது.

நாகமானின் ஏழு முழுக்குகள்

இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் நாகமானைச் சந்திக்கிறோம். சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. தீர்க்கதரிசியாகிய எலிசா வெளியே வந்து, தேவனைத் தொழுது, கையை அசைத்துத் தன்னைச் சுகமாக்குவார் என்று அவன் எதிர்பார்த்து வந்தான். கிடைத்ததோ ஓர் ஆள்மூலமாக வந்த செய்தி: யோர்தானில் ஏழுதரம் முழுக வேண்டும். அவனுக்குக் கோபம் வந்தது. ஆறு கலங்கலாயிருந்தது மட்டுமா காரணம்? அந்த வேலை மிக எளிமையாகவும், அலுப்பூட்டுவதாகவும் இருந்தது. ஒரு தரம் முழுகி எழுந்தபோது ஒன்றும் நடந்ததாக வேதத்தில் நாம் வாசிப்பதில்லை. மூன்றாம் தரத்திலும் இல்லை. ஆறாம் தரத்திலும் இல்லை. ஆயினும் அவன் ஏழையும் முடித்தான். அவனை அதற்கு இணங்கச் செய்தது யார்? எலிசாவும் அல்ல, இராஜாவும் அல்ல. அவனோடு கூட வந்திருந்த ஊழியக்காரர்கள். அவர்கள் கிட்ட வந்து, அன்பான வார்த்தை சொல்லி, அவனைத் திருப்பினார்கள்.

மூச்சுத் தசைப் பயிற்சி செய்கிறவர் நாகமானின் இரண்டாம், மூன்றாம் முழுக்கில் நிற்கிறவர். நேற்றைக்கும் இன்றைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கருவியை வாயில் வைத்து முப்பது மூச்சு இழுத்தாயிற்று, மார்பு வலிக்கிறது, உமிழ்நீர் வழிகிறது, படியேறினால் இன்னும் இரைக்கிறது. நாளைக்கும் அதே முப்பது. இது பார்க்கிறவர்களுக்குச் சாட்சியாகத் தோன்றாது. ஆனால் கிடைத்த ஈவை மதிக்கிறவன், அதைக் காக்கும் சிறிய வேலையையும் மதிப்பான். ஆகவே அந்த முப்பது மூச்சும் அவருடைய ஸ்தோத்திரமே என்று நான் நம்புகிறேன்.

மருத்துவமும் இந்தப் பொறுமையின் வழியாகவே இவ்விடத்திற்கு வந்தது. 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரில் மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி மனிதருக்கு முதன்முதலாக நுரையீரல் மாற்று அறுவை செய்தார். அதைப் பெற்றவர் 18 நாட்களே வாழ்ந்தார். கனடாவின் டொரண்டோ நகரில் மருத்துவர் ஜோயல் கூப்பரின் குழுவினர் செய்த அறுவை 1983இல் நிலையான வெற்றி கண்டது. அதைப் பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இடையில் இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளின் தோல்விகளில் மனந்தளர்ந்து எல்லாரும் விட்டுவிட்டிருந்தால், இன்று நாம் ஸ்தோத்திரம் சொல்ல இந்தச் சிகிச்சையே இருந்திராது.

கட்டுகளை அவிழ்க்கிறவர்கள்

இயேசு செய்த இரண்டு அற்புதங்களின் முடிவை உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். யவீருவின் மகள் உயிரோடு எழுந்தபின், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி அவர் வீட்டாரிடம் சொன்னார். லாசரு கல்லறையைவிட்டு வெளியே வந்தபின், அவனைச் சுற்றியிருந்த பிரேதச்சீலைகளை அவிழ்க்கும்படி அங்கே நின்றவர்களிடம் சொன்னார். மரித்தவனை எழுப்பினவருக்கு அந்தத் துணிக்கட்டுகளை அகற்றுவது கடினமா? உயிரைத் தருவது அவருடைய செயல். ஆனால் ஊட்டுவதையும் அவிழ்ப்பதையும் மனிதர்களின் கையில் விட்டுவைத்தார். பெத்தானியாவில் கூடியிருந்தவர்கள், 'அற்புதம் நடந்துவிட்டது, வாருங்கள் போகலாம்' என்று கலைந்திருந்தால் லாசரு கட்டுண்டவனாகவே நின்றிருப்பான்.

நம் சபைகள் பல நேரங்களில் அப்படித்தான் கலைந்துபோகின்றன. அறுவைக்காக ஓடியோடிக் காணிக்கை சேர்க்கிறோம். அதன்பின் மருத்துவமனைக்கு அருகே வாடகைக்கு வீடெடுத்து மாதக்கணக்கில் தங்கவேண்டிய குடும்பத்தின் செலவை யார் நினைக்கிறோம்? பிசியோதெரபிக்குப் போய்வர ஆகும் ஆட்டோ செலவு, பயிற்சிக் கருவியின் விலை, மாதந்தோறும் வாங்க வேண்டிய மருந்துகள் ஆகியவை அறுவைக்கு ஆன தொகையோடு ஒப்பிட்டால் சிறியவைதான். ஆனால் கையிருப்பெல்லாம் கரைந்தபின் வரும் சிறிய செலவே ஒரு குடும்பத்தை முறிக்கிறது. சேர்க்கும் காணிக்கையில் ஒரு பங்கை, வீடு திரும்பியபின் வரும் மாதங்களுக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள் என்று ஒவ்வொரு சபைக் கமிட்டியையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொன்று, சாட்சி. சுகம்பெற்றவர் விரைவில் மேடைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவரை, கூட்டம் நெருங்கி நிற்கும் ஆலயத்துக்கு அழைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நூறு பேர் கைகுலுக்குவது அன்பாகாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை காத்திருங்கள். ஆண்டவருக்கு மகிமை சேர அவசரம் தேவையில்லை.

வீட்டுக்குச் சென்று பார்க்க விரும்புகிறவர்களும் சிலவற்றை மனதில் வையுங்கள். கூட்டமாகப் போகாமல் ஒருவர் அல்லது இருவராகச் செல்லுங்கள். சளியோ, காய்ச்சலோ, இருமலோ சிறிதளவு இருந்தாலும் போகாதீர்கள், தொலைபேசியில் ஜெபியுங்கள். முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே செல்லுங்கள். மலர்க்கொத்தும் செடித்தொட்டியும் கொண்டுபோகாதீர்கள். மண்ணிலும் நீரிலும் வளரும் பூஞ்சைகள் அவருக்கு ஆபத்து. பழம் வாங்கிச் செல்வதானால் வீட்டாரைக் கேட்டு வாங்குங்கள். பப்ளிமாஸ் போன்ற சில பழங்கள் அவருடைய மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். அவர் பயிற்சி செய்யும் வேளையில் சென்றுவிட்டால் பேச்சுக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து மூச்சை எண்ணுங்கள். "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. நன்றாய்ச் செய்தீர்கள் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாகமானின் ஊழியக்காரர்கள் செய்தது அதுவே. நீண்ட பிரசங்கத்தைவிட அது அவருக்குப் பலன் தரும்.

இரவும் பகலும் பக்கத்திலிருக்கும் மனைவியையோ கணவரையோ மறவாதீர்கள். மருந்து நேரம், உணவு, பயிற்சி, அளவுகளைக் குறித்துவைக்கும் நோட்டு எல்லாம் அவர் தலையில்தான். வாரத்தில் ஒரு நாள் அவரை இரண்டு மணி நேரம் உறங்கவிடுவதற்கு உங்களில் ஒருவர் போய் வீட்டில் இருக்கலாம்.

நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு எச்சரிக்கை. இந்தப் பயிற்சியை உங்கள் விருப்பப்படி தொடங்காதீர்கள். கடையில் கருவியை வாங்கி நீங்களாகவே எடை ஏற்றாதீர்கள். காற்றுக் கசிவோ, ஆறாத புண்ணோ இருக்கும்போது அது தீங்கு செய்யும். எப்பொழுது, எந்த அளவில் என்பதை மாற்றுச் சிகிச்சைக் குழுவினரே சொல்ல வேண்டும். பயிற்சியின்போது தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று இரைப்பு கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், வீட்டில் அளக்கும் ஊதுஅளவு பத்து விழுக்காடு குறைந்தாலும், 'பயிற்சி போதவில்லை' என்று எண்ணி இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்யாதீர்கள். அது தொற்றாகவோ, உடல் நுரையீரலை எதிர்ப்பதாகவோ இருக்கலாம். ஜெபித்துக்கொண்டே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்யுங்கள். ஜெபித்து முடித்தபின் செய்யலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

நாட்கள் எண்ணப்பட்டவை

கசப்பான ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்று நுரையீரல் என்றென்றைக்கும் நிலைப்பதல்ல. உலகளாவிய பதிவேடுகளின்படி, இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆறு ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பலர் அதைவிட நெடுங்காலம் வாழ்கிறார்கள். சிலர் முன்னதாகவே நம்மை விட்டுப் போகிறார்கள். ஆகவே அவர்களுடைய மாதங்கள் விலையேறப்பெற்றவை. மகளின் திருமணத்தில் எழுந்து நிற்பதற்கும், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடப்பதற்கும், ஒரு கீர்த்தனையை முழுவதுமாகப் பாடுவதற்கும் மூச்சு வேண்டும். அந்த மூச்சை இப்போதே, இந்தத் தொடக்க மாதங்களிலேயே சேர்த்தாக வேண்டும். நாம் 'பிறகு போய்ப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடும் வாரங்கள் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

நன்றி செலுத்துகையில் கொடையாளியின் குடும்பத்தையும் நினையுங்கள். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களாகிய அவனுடைய பெற்றோர் தானமாகக் கொடுத்தபோது, தமிழகமே கண்ணீரோடு அதைப் பார்த்தது. அதற்குப்பின் எத்தனையோ வீடுகளில் அந்தத் துணிவு பிறந்தது. உறுப்பு தானம் செய்கிறவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. ஒரு வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடக்கும் அதே வேளையில் இன்னொரு வீட்டில் துக்கம் நடக்கிறது. பெற்றவர்கள் பலர் இதை நினைத்து இரவில் உறங்காதிருக்கிறார்கள். "அதை நினைக்காதீர்கள்" என்று அவர்களைத் தடுக்காதீர்கள். அவரோடு சேர்ந்து, பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள். கிடைத்த நுரையீரலைப் பயிற்சியினால் காத்துக்கொள்வது, அந்தக் குடும்பத்துக்கு அவர் செலுத்தும் மரியாதையுமாகும்.

அன்பானவர்களே, இவ்வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பெரிய அறுவை முடிந்து வீடு திரும்பி, நம் ஜெபக்குறிப்பிலிருந்து பெயர் நீங்கிப்போன ஒருவரை நினைவுகூருங்கள். நுரையீரல் மாற்றாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. இதய அறுவையோ, பக்கவாதமோ, எலும்பு முறிவோ எதுவாகவும் இருக்கலாம். அவரைத் தொலைபேசியில் அழைத்து, "சுகமாகிவிட்டதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்குப் பயிற்சி செய்தீர்களா? எந்த நேரத்தில் செய்கிறீர்கள்? நாளைக்கு அந்த நேரத்தில் நானும் உங்களோடு இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி இருங்கள்.

ஜெபம்: ஜீவனைத் தருகிற எங்கள் பிதாவே, நாங்கள் எண்ணாமல் விடுகிற ஒவ்வொரு மூச்சுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். எண்ணி எண்ணி மூச்சு இழுக்கிற எங்கள் சகோதர சகோதரிகளுக்கு இன்றைய முப்பதையும் முடிக்கப் பெலன் தாரும். அவர்களைப் பயிற்றுவிக்கிறவர்களுக்கு ஞானத்தையும் பொறுமையையும் தாரும். தங்கள் பிள்ளையை இழந்தும் பிறருக்கு மூச்சைக் கொடுத்த குடும்பங்களை ஆற்றித் தேற்றும். அற்புதத்தின் நாளில் மாத்திரமல்ல, அதற்குப் பின் வரும் நீண்ட நாட்களிலும் ஒருவரையொருவர் தாங்குகிறவர்களாக எங்களை ஆக்கும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.